எழுத்துச் சரம் கோத்தவர்: டென்னிஸ் ரிட்சியின் வாழ்வும் பணியும்

தமிழுக்கு இலக்கணம் வகுத்தோரை நாம் அறிவோம். தமிழைப் படைத்தவர் இன்னார் என்று சுட்ட எவராலும் இயலாது. இயற்கை மொழிகள் யாவும் அத்தகையனவே. ஆயின், மனிதன் தன் கைப்பட ஆக்கிய மொழிகளும் சில உள்ளன. கணிப்பொறிக்கு ஆணையிடுவதற்கென்று இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய அம்மொழிகளுக்குப் பிறந்த ஊர் உண்டு. பிறந்த ஆண்டு உண்டு. தந்தை என்று சுட்டத்தக்க ஒருவரும் உண்டு. அவற்றுள் தலையாயதாகிய சி மொழியின் தந்தை, அமெரிக்க நாட்டு அறிஞர் டென்னிஸ் மெக்காலிஸ்டர் ரிட்சி ஆவார்.

தமிழ்த்துறை மலரில் ஒரு கணிப்பொறி அறிஞரின் வரலாறு எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். எழுத்தை எண்ணாக்கி, எண்களைச் சரமாகக் கோத்து, அச்சரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பொறிக்கு உணர்த்தும் கலையில் அன்னாரும் அவர்தம் தோழரும் எடுத்த முடிவுகள் இன்று நம் தமிழையும் தாங்கி நிற்கின்றன என்பதே அதற்கு விடை. பழவேற்காட்டு ஏரியில் விடியுமுன் படகேறும் இளைஞர் ஒருவர், வீட்டிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியைக் கைப்பேசியில் படிக்கிறார் எனக் கொள்வோம். அக்கைப்பேசி ஆண்ட்ராய்டு வகையினதாயின், அதனுள்ளே இயங்கும் லினக்ஸ் கருவகம் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டதாகும். கோட்டைக்குப்பத்திலும் நடுவூர் மாதாகுப்பத்திலும் ரிட்சியின் பெயரை அறிந்தோர் அரியர்; அவர் கைவண்ணம் எட்டாத வீடு அதனினும் அரிது.

ரிட்சி 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் நியூயார்க் மாநிலத்துப் பிராங்ஸ்வில் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அலிஸ்டர் ரிட்சி, தொலைபேசி ஆய்வுக்குப் பெயர்பெற்ற பெல் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அறிவியலாளர். இணைப்பு மாற்றிச் சுற்றுகளின் அமைப்புப் பற்றிய நூலொன்றின் ஆசிரியர்களுள் ஒருவர். குடும்பம் பின்னர் நியூசெர்சி மாநிலத்துச் சம்மிட் நகரில் குடியேறியது. பள்ளிக் கல்வியை அங்கே முடித்த ரிட்சி, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்று 1963இல் பட்டம் பெற்றார். பயன்பாட்டுக் கணிதத்தில் மேலாய்வு மேற்கொண்டதும் அங்கேதான்.

அம்மேலாய்வு முடிந்த கதை வியப்புக்குரியது. ஆய்வேட்டை 1968இல் எழுதி முடித்துவிட்டார். விதிப்படி அதனைக் கட்டமைத்து நூலகத்தில் ஒரு படி ஒப்படைத்தல் வேண்டும். அச்சிறு கடமையை அவர் நிறைவேற்றவில்லை. எனவே முனைவர் பட்டம் முறையாக அவருக்கு வழங்கப்படவேயில்லை. ஆய்வேடு கண்ணிற்படாமல் கிடந்து, 2020ஆம் ஆண்டில்தான் கலிபோர்னியாவிலுள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தின் வாயிலாக உலகின் பார்வைக்கு வந்தது. ஆய்வேடு ஒப்படைக்கும் நாளை எண்ணி உறக்கமிழக்கும் நம் ஆய்வு மாணவர்கள் இதனைப் பின்பற்றத்தக்க முன்மாதிரியாகக் கொள்ளலாகாது.

1967ஆம் ஆண்டிலேயே ரிட்சி, தந்தையார் பணிபுரிந்த பெல் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டார். முர்ரே இல் என்னுமிடத்தில் அமைந்த அவ்வாய்வகம் அப்போது மசாசுசெட்சு தொழில்நுட்பக் கழகத்தோடும் செனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தோடும் இணைந்து, மல்டிக்ஸ் என்னும் மாபெரும் இயக்க முறைமையை உருவாக்க முயன்றுகொண்டிருந்தது. ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தச் செய்வதே அதன் நோக்கம். பணி நீண்டது, செலவு பெருகியது, 1969இல் பெல் ஆய்வகம் அதினின்றும் விலகிக்கொண்டது. கைவிடப்பட்ட ஆய்வாளர்களுள் கென் தாம்சன் என்பார், மூலையில் கிடந்த பி.டி.பி.-7 என்னும் சிறிய பொறியைக் கண்டெடுத்து, அதற்கென ஓர் எளிய இயக்க முறைமையை எழுதினார். அதுவே யூனிக்ஸ். ரிட்சி அவருக்கு உற்ற துணையானார். இருவர் பெயரையும் பிரித்துச் சொல்வது கணிப்பொறி உலகில் வழக்கமில்லை.

யூனிக்ஸ் முதன்முதலில் ஊதியத்துக்கு உழைத்த இடம் எது தெரியுமா? ஆய்வகத்தின் காப்புரிமைப் பிரிவுதான். 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அப்பிரிவைச் சேர்ந்த தட்டச்சர் மூவர், காப்புரிமை விண்ணப்பங்களை அதிலே தட்டச்சு செய்து, திருத்தி, அழகுறப் பக்கம் அமைத்து வந்தனர். ஆக, யூனிக்சும் அதன் வயிற்றிற் பிறந்த சி மொழியும் தொடக்கந்தொட்டே எழுத்துப் பணிக்கு ஆட்பட்டவை. அப்போது பி.டி.பி.-11 என்னும் புதிய பொறி வந்திருந்தது. அதன் நினைவகம் 24 ஆயிரம் பைட்டு அளவினது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கை இயக்க முறைமையே எடுத்துக்கொள்ள, எஞ்சிய 8 ஆயிரம் பைட்டுகளுக்குள் பயனர்தம் நிரல்கள் அடங்கியாக வேண்டும். இவ்வறுமையை மனத்திற் கொள்ளாமல் அடுத்துச் சொல்லப்போவதை எடைபோடுவது நேர்மையாகாது.

சரத்தின் நுனியில் ஒரு முடிச்சு

எழுத்துகளின் தொடரைக் கணிப்பொறியாளர் சரம் என்பர். நினைவகம் என்பது பைட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்ட நீண்ட வீதி. அதில் ஒரு சரம் இவ்விடத்தில் தொடங்குகிறது என்று சுட்டிக்காட்டுவது எளிது. எங்கே முடிகிறது என்று அறிவிப்பது எவ்வாறு? வழி இரண்டு. தலையிலே நீளத்தை எழுதி வைப்பது ஒன்று. வாலிலே ஓர் அடையாளம் இடுவது மற்றொன்று. படகிலே சுருட்டிக் கிடக்கும் கயிற்றின் முனையில் இத்தனை பாகம் என்று சீட்டுக் கட்டலாம். அல்லது மறுமுனையில் ஒரு முடிச்சு இட்டுவிட்டால், இருட்டில் இழுப்பவரின் கையே முடிவை அறிந்துகொள்ளும்.

மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் படைத்த பி.சி.பி.எல். மொழி முதல் வழியைக் கைக்கொண்டிருந்தது. அதனைச் சுருக்கித் தாம்சன் ஆக்கிய பி மொழியோ இரண்டாம் வழிக்கு மாறியது. மாற்றத்துக்கு ரிட்சி பின்னாளில் இரு காரணம் எழுதியுள்ளார். நீளத்தைச் சிறியதோர் அறைக்குள் எழுதினால் சரத்தின் நீளம் அவ்வறையின் கொள்ளளவுக்குக் கட்டுப்பட்டுவிடும்; 8 பிட்டு அறையாயின் 255க்கு மேற்போக இயலாது. மேலும், நீளத்தை ஓயாது திருத்திக்கொண்டிருப்பதினும் வாலில் அடையாளமிடுவது கையாள எளிதாயிருந்தது. 1971 முதல் 1973 வரை ரிட்சி பி மொழியைச் செப்பஞ்செய்து சி மொழியாக வளர்த்தபோது, இவ்வழக்கம் அப்படியே தொடர்ந்தது. ஒவ்வொரு சரத்தின் இறுதியிலும் மதிப்பில்லாத சுழியப் பைட்டு ஒன்று நிற்கும். அதுவே முடிச்சு. (பி-க்கு அடுத்தது சி என்பதால் அப்பெயரா, பி.சி.பி.எல். என்பதன் இரண்டாம் எழுத்து ஆதலால் அப்பெயரா என்ற வினாவை ரிட்சி விடுவிக்காமலேயே சென்றுவிட்டார்.)

ரிட்சியின் தனித்த மேதைமை வெளிப்பட்டது வேறோரிடத்தில். பி மொழியில் எழுத்துக்கு என்று தனி வகை இல்லை. யாவும் ஒரே அளவினதாகிய சொற்கூறுகளே. பி.டி.பி.-11 பொறியோ ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி தருவது. எனவே எழுத்துக்கென ஒரு வகையை ரிட்சி வகுத்தார். கோப்பகத்தின் ஒவ்வொரு பதிவிலும் ஓர் எண்ணும் 14 எழுத்துகொண்ட ஒரு பெயரும் அடுத்தடுத்து நிற்கும். இதனை மொழியில் உள்ளவாறே குறிக்க விரும்பியபோது இடர் ஒன்று எழுந்தது. பழைய முறைப்படி எழுத்தணி ஒவ்வொன்றும் தன்னைச் சுட்டும் சுட்டு ஒன்றையும் உடன் சுமக்க வேண்டியிருந்தது. கோப்பகப் பதிவிலோ அச்சுட்டுக்கு இடமே கிடையாது. அணியின் பெயர் எங்கே வந்தாலும் அதன் முதல் உறுப்பின் முகவரியாக அவ்வப்போது மாறிக்கொள்ளும் என்றொரு விதியை ரிட்சி வகுத்தார். சுட்டைச் சேமிக்கவே தேவையில்லை. சி மொழியின் வேகமும் சிக்கனமும் இவ்விதியினின்று வந்தன. அதன் இடர்களும் இங்கிருந்தே வந்தன. முகவரியை மட்டும் பெற்றுக்கொள்ளும் செயற்கூறுக்கு, அங்கே எத்தனை பைட்டு இடம் உண்டு என்பது தெரியாதன்றோ!

1973ஆம் ஆண்டுக் கோடையில் யூனிக்ஸ் கருவகம் பெரும்பாலும் சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. முந்தைய ஆண்டில் தாம்சன் முயன்று கைவிட்ட பணி, ரிட்சி கட்டுறு வகைகளை மொழியிற் சேர்த்தபின் கைகூடியது. பொறிக்கு ஒன்றாகப் பொறியின் தாய்மொழியிலேயே இயக்க முறைமை எழுதிய காலம் அத்தோடு மறையத் தொடங்கிற்று. 1978இல் பிரையன் கெர்னிகானும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய சி மொழி நூல் வெளிவந்தது. ஒல்லியான நூல், உலகெங்கும் சி பயின்ற தலைமுறைகளுக்கு அதுவே பாடநூல்.

வாங்கிய இடமும் திருப்பிய இடமும்

அந்நூலில் எமக்கு மிகவும் உவப்பான பகுதி, நினைவக ஒதுக்கீட்டை விளக்கும் பகுதியாகும். நிரல் ஓடிக்கொண்டிருக்கையில், எத்தனை எழுத்து வரும் என்று முன்கூட்டித் தெரியாத சரத்துக்கு இடம் வேண்டும். வேண்டிய அளவைச் சொல்லி இடம் கேட்டுப் பெறவும், வேலை முடிந்தபின் திருப்பித் தரவும் இரு செயற்கூறுகள் உண்டு. பின்னாளில் மாலாக் என்றும் ஃப்ரீ என்றும் அவை நிலைபெற்றன. திரும்பி வந்த துண்டுகளை ஒதுக்கி, சங்கிலிபோல் கோத்து வைத்து, அடுத்தடுத்துக் கிடப்பவற்றை ஒட்டிப் பெருந்துண்டாக்கி, அடுத்துக் கேட்பவருக்கு அளிக்கும் முறையை அந்நூல் நிரலாகவே எழுதிக் காட்டுகிறது.

பழவேற்காட்டு மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் பாடு என்னும் முறைப்படி மீனவக் குப்பத்தார் தம்முள் பங்கிட்டுக்கொள்வது தொன்றுதொட்ட வழக்கம். சீட்டெடுத்து, முறை வகுத்து, இன்னார்க்கு இன்ன இடம் என்று ஒதுக்குவர். முறை முடிந்ததும் அவ்விடம் அடுத்தவர்க்கு உரியது. (பாட்டு உரிமை பெறாதோரின் மனக்குறையும் அங்கு உண்டு, அது தனியே எழுதத்தக்க செய்தி.) முறை முடிந்தும் வலையை எடுக்காதிருந்தால் ஏரியில் இடம் குறையும், நினைவகத்திலும் அப்படியே குறைந்து குறைந்து, ஈற்றில் பொறி திணறி நிற்கும். திருப்பித் தந்த இடத்தில் மீண்டும் வலை போட்டால் அடுத்தவரின் மீனோடு சிக்கல். ஒரே இடத்தை இருமுறை திருப்பித் தந்தாலோ, ஒதுக்குபவரின் கணக்கே குழம்பி, ஒரே இடம் இருவர் கைக்குப் போய்விடும். ஏரியிலே இவற்றைப் பார்த்துக்கொள்ளக் குப்பத்துப் பெரியோர் உளர். சி மொழியிலோ கண்காணிப்பார் எவருமிலர்; எழுதுபவனே பொறுப்பு. ரிட்சி அறிந்தே அவ்வாறு விட்டார். நிரல் எழுதுவோர் தாம் செய்வது இன்னதென்று அறிந்தவர் என்னும் நம்பிக்கையின்மீது கட்டப்பட்ட மொழி அது.

ஒரு சிறு கணக்கு. பழவேற்காடு என்னும் சொல்லைக் கணிப்பொறியில் சேமிக்க எத்தனை பைட்டு வேண்டும்? நம் இலக்கணப்படி ஆறெழுத்து. ஒருங்குறியில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 10 குறியீடுகள். யூ.டி.எஃப்-8 என்னும் முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு, ஆகவே 30. இறுதிச் சுழியத்துக்கு ஒன்று. ஆக மொத்தம் 31. அந்த ஒன்றை மறந்து 30 பைட்டு மட்டும் கேட்டு வாங்கும் நிரலாளர் உலகெங்கும் உளர். முடிச்சு பக்கத்து வீட்டு வாசலில் போய் விழும். பக்கத்து வீட்டார் அதை அழித்துவிட்டால், சரத்தைப் படிப்பவர் முடிவு காணாது ஓடிக்கொண்டேயிருப்பார்.

யூ.டி.எஃப்-8 முறையைச் சொன்னதால் அதன் பிறப்பையும் சொல்லியாக வேண்டும். 1992 செப்டம்பரில் நியூசெர்சி உணவகம் ஒன்றில் தாம்சனும் ராப் பைக்கும் உணவுத்தட்டின் விரிப்புத்தாளில் அதனை வரைந்தனர். அவர்கள் பணிபுரிந்தது ரிட்சி தலைமையேற்றிருந்த துறையில். உலக மொழிகள் அனைத்தும் அதில் அடங்கும். அடங்கியும் இறுதிச் சுழியம் தவிர வேறெங்கும் சுழியப் பைட்டு வராதபடி அது அமைந்தது. ஆங்கிலத்துக்கென எழுதிய பழைய சி செயற்கூறுகள் தமிழ்ச் சரத்தையும் இடறாமல் சுமந்து சென்றன. தமிழ் முஸ்லிம்களாகிய நம் முன்னோர், தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளிற் சில குறிகளைக் கூட்டி அரபுத்தமிழ் எழுதியவர்கள். பழைய எழுத்தைக் குலைக்காமல் புதிய ஒலிக்கு இடந்தரும் வேலையின் நுட்பம் இச்சமுதாயத்துக்கு அயலானதன்று.

பழியும் மறுமொழியும்

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இணையத்தில் ஒரு புழு நிரல் பரவி, ஆயிரக்கணக்கான பொறிகளை முடக்கிற்று. அது நுழைந்த வாயில்களுள் ஒன்று கெட்ஸ் என்னும் சி செயற்கூறு. உள்ளே வரும் எழுத்துகளை, இடம் எவ்வளவு என்று பாராமலே நிரப்பிக்கொண்டு போவது அதன் இயல்பு. 512 பைட்டு இடத்துக்குள் 536 பைட்டு அனுப்பி, மிகுந்து வழிந்த பகுதியால் பொறியைத் தன் வயப்படுத்தியது அப்புழு. அதனை எழுதிய இளைஞர் ராபர்ட் மாரிஸ், ரிட்சியோடு யூனிக்சில் உழைத்த மூத்த ராபர்ட் மாரிஸின் மகன் என்பது விதியின் விளையாட்டுப் போலும்!

அன்றுதொட்டு, சரத்தை அஞ்சாமல் கையாளும் துணைச் செயற்கூறுகளைத் தேடும் முயற்சி ஓயவில்லை. ரிட்சி தாமே 1990இல் ஒரு திட்டம் முன்வைத்தார்: சுட்டானது முகவரியோடு அணியின் அளவையும் உடன்கொண்டு செல்லட்டும் என்பது அதன் சாரம். தர நிர்ணயக் குழுவினர் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. 1999ஆம் ஆண்டுத் தரத்தில் வேறொரு வழியை எடுத்துக்கொண்டனர். ஓபன்பிஎஸ்டி குழுவினர் 1998இல், இடத்தின் அளவையும் கேட்டுப் பெற்று, மிகுதியை வெட்டி, முடிச்சைத் தவறாது இடும் ஸ்டிரெல்காப்பி என்னும் செயற்கூறைப் படைத்தனர். சல்வத்தோரே சான்ஃபிலிப்போ என்னும் இத்தாலியர் ரெடிஸ் மென்பொருளுக்காக ஆக்கிய சரத் தொகுதி இன்னும் நுட்பமானது. நீளமும் மீதியிடமும் சரத்துக்கு முன்னே ஒரு தலைப்பில் மறைந்திருக்கும்; வாலில் சுழியமும் நிற்கும். எழுத்தைச் சேர்க்கச் சேர்க்க அதுவே நினைவகம் கேட்டுப் பெற்றுத் தன்னைப் பெருக்கிக்கொள்ளும். பயனர்க்குக் கணக்குத் தொல்லை இல்லை. தலையிலே சீட்டு, வாலிலே முடிச்சு. பிரிந்த இரு வழிகளும் இங்கே ஒன்றாயின.

2011 சூலையில் டென்மார்க்கைச் சேர்ந்த பால்-ஹென்னிங் கேம்ப் என்னும் நிரலாளர், சுழியத்தால் முடிக்கும் முடிவே கணிப்பொறி வரலாற்றில் மிகுந்த பொருளிழப்பை விளைவித்த ஒற்றைப் பைட்டுப் பிழை என்று வாதிட்டுக் கட்டுரை வரைந்தார். அவர் கணக்கில் உண்மை இல்லாமலில்லை. எனினும் 8 ஆயிரம் பைட்டுக்குள் தட்டச்சர் மூவர்க்கு வேலை கொடுத்தவர்களை, கோடிக்கணக்கான பைட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு நாம் குறைகூறுவது எளிது. முடிவு எடுத்தவர்மீதன்று, நினைவகம் பெருகிய பின்னும் பல ஆண்டுகள் அதனை மாற்றாதிருந்தோர்மீதே பெரும்பழி சாரும் என்பது எம் கருத்து. ரிட்சி மாற்ற முயன்றவர்.

பெருமைகள் அவரைத் தேடி வந்தன. 1983இல் தாம்சனோடு டூரிங் விருது. 1998ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்க தேசியத் தொழில்நுட்பப் பதக்கம், அதிபர் கிளிண்டன் கையால். 2011இல் ஜப்பான் பரிசு. அன்னார் ஆரவாரம் அறியாதவர். 2007இல் ஓய்வுபெற்று, நியூசெர்சியின் பெர்க்லி ஐட்ஸ் ஊரில் தனியே வாழ்ந்தார். 2011 அக்டோபர் 12ஆம் நாள் அவ்வீட்டில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அகவை எழுபது. ஒரு வாரம் முன்னர் மறைந்த ஸ்டீவ் ஜாப்சுக்கு உலக நாளிதழ்கள் முதற்பக்கத்தை ஈந்திருந்தன. ரிட்சியின் மறைவை அவர்தம் பழைய தோழர் ராப் பைக் வெளியிட்ட பின்னரே பலரும் அறிந்தனர்.

அவர் மறைந்து இரண்டு திங்கள் கழித்து, 2011 டிசம்பரில் வெளிவந்த சி மொழித் தரத்தினின்று கெட்ஸ் செயற்கூறு நீக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டு நூலில் சிறியதொரு துணைச் செயற்கூறும் உண்டு. கொடுத்த சரத்தின் நீளத்தை அளந்து, முடிச்சுக்கு ஒன்று கூட்டி, அவ்வளவு இடம் கேட்டு வாங்கி, படியெடுத்துத் தருவது அதன் பணி. முதற்பதிப்பில் ஸ்டிர்சேவ் என்றிருந்த அதன் பெயரை 1988ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் ஸ்டிர்டூப் என மாற்றினர். அது அதிகாரப்பூர்வமான சி தரத்துக்குள் இடம்பெற்றது 2024ஆம் ஆண்டில். நூல் வெளிவந்து 46 ஆண்டு கழிந்த பின்னர்.